வாரிசுச் சான்றிதழில் இல்லாத அக்கா

அன்புக்கரசிக்கு ஒரே ஒரு தம்பி. ஆனால் அந்தத் தம்பிக்கு அக்கா என்று யாரும் கிடையாது. அரசாங்க முத்திரை குத்திய காகிதமே அப்படித்தான் சொல்கிறது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று வந்தபோது அவள் ஐடிஐ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தம்பி சின்னதுரை பத்தாவதிலேயே கோட்டை விட்டவன். வேலை பெண்ணுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்த அம்மா, ஒருநாள் செத்துப் போனாள். காரியம் முடிந்த கையோடு சின்னதுரை வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டான். அதில் ஒரே பெயர், அவன் பெயர். எப்படி வாங்கினான் என்பது அவனுக்கே வெளிச்சம். அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் அந்த வேலையில் சேர்ந்து பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சியாகிவிட்டது.

அதன்பின் இருபத்துமூன்று வருடம். அவன் டவுன்ஷிப்பில் மரநிழலில். அவள் டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில், ஒற்றை அறை வாடகை வீட்டில். அதே சுரங்கத்தில், கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. சுரங்கத்து கேட்டில் அவள் எதிரே வந்தால் அவன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். அவள் காறித் துப்புவாள், அவன் பார்க்கிற மாதிரியே.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னதுரையின் மனைவி ஆதிலட்சுமி வந்து வாசலில் நின்றாள்.

"அவருக்கு ரத்தப் புற்றுநோய்ங்க அண்ணி. மஜ்ஜை மாத்துனாத்தான் பொழைப்பாராம். கூடப் பொறந்தவங்களுது சேர்ந்தா ரொம்ப நல்லதாம்."

"கூடப் பொறந்தவங்களா? அவனுக்கு ஏது?"

ஆதிலட்சுமி அழ ஆரம்பித்தாள்.

"அழுதுகினு நிக்காத. வாசல் தெளிச்சாச்சி."

ஆனாலும் அன்புக்கரசி சென்னைக்குப் போனாள். பாசமாவது மண்ணாவது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நர்ஸிடம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் அவன் கோணல் எழுத்தில் இருந்தது: அக்கா, ஒருவர். சாகப் போகிறபோது ஞாபகம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கிறிஸ்டினா அவளைத் தனியாக அழைத்தார். மஜ்ஜை மாற்றுவதைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறவர். வீட்டார் நெருக்கி இழுத்து வந்து கொடுக்க வைத்த எத்தனையோ பேரைப் பார்த்தவர். அதனால் கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசாமல் அவர் எதையும் தொடங்குவதில்லை.

"முழுசாப் பொருந்துதும்மா. அக்கா தம்பிக்குள்ளகூட நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும். இத இன்னும் அவங்களுக்குச் சொல்லல. உங்களுக்கு மனசில்லன்னா, இவங்க சரிப்பட்டு வரலன்னு மட்டும் எழுதிடுவோம். காரணம் வெளிய வராது."

"நான் இல்லன்னா?"

"பாதி பொருந்தற ஆள வெச்சும் செய்யலாம். ஆனா அவருக்கு நாள் அதிகம் இல்ல."

அந்த நிமிடம் அன்புக்கரசிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? அவன் அவளுக்குச் செய்ததையே அவனுக்குத் திருப்பிச் செய்யலாம். ஒரு காகிதம், அதில் ஒரு வரி, ஆள் காலி. எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தாள். சரிப்பட்டு வரலன்னு எழுதிடுங்க என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே அது அவளைச் சுட்டது.

"ஏற்கெனவே ஒரு காகிதத்துல நான் இல்லாமப் போயிட்டேங்க," என்றாள். "இன்னொண்ணுலயும் ஒதவாதவன்னு எழுதுவீங்களா? முழுசாப் பொருந்துதுன்னே எழுதுங்க. அவன் கையில குடுங்க. படிக்கட்டும்."

மஜ்ஜை அணுக்கள் ரத்தத்தில் இறங்குவதற்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் குடைந்தன. பிறகு நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு கை வழியாகப் போன ரத்தம், வேண்டியதைக் கொடுத்துவிட்டு மறு கை வழியாக வந்தது. வெளியே வரும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு கிடந்தவன் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

வருடம் ஒன்று கடந்தது. டியூட்டியில் மறுபடி சேர்ந்த வாரம், சின்னதுரை மந்தாரக்குப்பத்துக்கு வந்தான். சட்டைக்குள் எலும்பும் தோலுமாக இருந்தான். கழுத்தில் மாட்டியிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினான்.

"பி பாசிட்டிவா இருந்தேங்க்கா. மஜ்ஜை மாறுனதுல ரத்தமே மாறிடுச்சி. இப்ப ஓ பாசிட்டிவ். உன்னுது. அட்டைய மாத்திக் குடுத்துட்டாங்க." பிறகு குரல் இறங்கியது. "என்ன மன்னிச்சிடுக்கா."

அவள் அட்டையை வாங்கி, ரத்தப் பிரிவு போட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"மன்னிக்கறதுக்குக் குடுக்கலடா. இன்னும் எத்தினி வருசம் சர்வீசு?"

"பதினாறு."

"பதினாறு வருசமும் இத மாட்டிகினு கேட்டுல காட்டிட்டுப் போ."

மறுநாள் காலை ஷிப்டுக்கு அவன் எதிரே வந்தான். செல்போனை எடுக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் "அக்கா" என்று கூப்பிட்டான். அது கேட்க நன்றாக இருந்தது, அந்த எரிச்சலும் அவன்மேலேயே வந்தது. நடையை எட்டிப் போட்டாள்.

"யாருக்கா அது?" என்று கூட வந்த மலர்விழி கேட்டாள்.

அன்புக்கரசி அடுத்த மாதம் காலாவதியாகப் போகும் தன் கான்ட்ராக்ட் பாஸைச் செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என் ரத்தம், என் வேல," என்றாள். "போறான் பாரு."