ஏழாம் படியில் விழுந்த வெயில்

செங்கல் சுமந்தே உச்சி மயிர் உதிர்ந்தவன் நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "அதையும் வந்து ரெண்டு சட்டி கலவை தூக்கச் சொல்லு" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. வெயில் அடிக்கிற ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்கு.

ஐம்பத்து மூன்று வயதில்தான் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்ட் ஒரு பெண். கொண்டையில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பாள். வேலையாட்களுக்கு அவள் பென்சிலம்மா. அஸ்திவாரம் தோண்டும் முன்பே முழு வீடும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்கோ உடும்புப் பிடி. சண்டை வராத நாள் கிடையாது. உங்களோடு பேசுவதற்குக் கலவை மெஷினோடு பேசலாம் என்பாள். பேசுங்க, அதுக்கும் காது அடைக்கட்டும் என்பேன்.

சண்டையைத் தீர்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. எந்த இடத்தைப் பற்றிச் சண்டையோ, அங்கேயே நான் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வரைபடத்தில் அழித்துவிடுவாள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், என் பதில், மூன்றையும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுவாள். ஐந்து தடவை உட்கார்ந்தேன். ஐந்திலும் தோற்றேன்.

ஆறாவது சண்டை, மாடிப்படியின் மேற்குச் சுவர். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு திறப்பு விட்டிருந்தாள். கம்பி இல்லை, கதவு இல்லை. நாலு பத்துக்கு வெயில் அது வழியாக வந்து ஏழாம் படியில் விழுமாம். ஒழுகுகிற தார்ப்பாய்க்குக் கீழே வளர்ந்தவன் நான். சொந்த வீட்டில் ஓட்டை எதற்கு?

உட்கார்ந்தால் மறுபடி தோற்பேன் என்று தெரியும். அதனால் அவள் வெளியூர் போயிருந்தபோது, செவ்வாய்க்கிழமை கொத்தனாரை விட்டு அடைத்துவிட்டேன். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைச் செங்கல். இரண்டு பக்கமும் பூச்சு.

புதன்கிழமை போன் செய்தாள். திறப்பு அப்படியே இருக்கிறதா என்று கேட்டாள்.

"அப்படியேதான் இருக்கு. வாங்க," என்றேன்.

"அப்போ மத்த வேலையெல்லாம் விட்டுட்டு நாளைக்கே ஓடி வர்றேண்ணே. நாலு பத்துக்குள்ள வந்துடுவேன். நீங்க உட்காருங்க, போதும்."

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மூன்றரைக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அவளிடம் திட்டு வாங்குவதை அவர்கள் பார்க்க வேண்டாமே. நாலு மணி. அவள் வரவில்லை. படியேறிப் போய்ச் சுவரைத் தொட்டேன். பூச்சில் இன்னும் ஈரம்.

நாலு பத்து.

ஏழாம் படியில் வெயில் விழுந்தது.

ஒடுக்கமாக... நீளமாக... அவள் வரைந்திருந்த அதே அளவில்.

சுவரைப் பார்த்தேன். அடைத்தது அடைத்தபடி இருந்தது. கூரை முழுக்க கான்கிரீட். வேறு ஓட்டை இல்லை.

அந்தப் படியில் உட்கார்ந்தேன். முழங்கால் சுட்டது.

டக்... டக்... டக்.

பென்சில் முனையால் சுவரைத் தட்டும் சத்தம். யோசிக்கும்போது அவள் அப்படித்தான் தட்டுவாள். சத்தம் அந்தச் சுவரிலிருந்து வந்தது. அதற்கு அந்தப் பக்கம், பூச்சுக்குக் கட்டிய சாரத்தைக்கூடப் பிரித்தாகிவிட்டது. பதினெட்டு அடிப் பள்ளம்.

எவ்வளவு நேரம் போனதோ.

டக்... டக்.

நின்றது.

"அண்ணே."

அவள் குரல். ரொம்பக் கிட்டத்தில்.

"இங்க ஒரே இருட்டா இருக்கே... அடைச்சிட்டீங்களா?"



"இல்லம்மா," என்றேன்.

வெயில் அணைந்தது.

சட்டைப்பையில் போன் அலறியது. துள்ளி எழுந்தேன். மணி நாலு ஐம்பத்திரண்டு. அவள் வீட்டுக்காரர். லாரி மோதிவிட்டதாம். மூன்று இருபதுக்கு, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாம். அழுதுகொண்டே ஒன்று கேட்டார்.

"அப்படி என்ன சார் அவசரம்? உங்க சைட்டுக்குத்தான் வந்திருக்கா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது தம்பி," என்றேன்.

எட்டு நாள் படியேறவில்லை. ஒன்பதாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தச் சுவரை உடைக்கச் சொன்னேன். காற்று வரவில்லை என்று சாக்குச் சொன்னேன். உள்வரிசைச் செங்கல்லைப் பெயர்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன்.

வெளிவரிசையின் உள்முகம். இரண்டு வரிசைக்கும் நடுவில், கை நுழையாத இடம். ஒவ்வொரு கல்லையும் தன் கையால் வைத்த கொத்தனார், நான் வைக்கும்போது இது இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பென்சில் எழுத்து. அவளுடைய சாய்ந்த கையெழுத்து.

'உட்கார்ந்தார் 4.10. எழுந்தார் 4.52. உண்மை சொல்லவில்லை.'

கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார்.

"மறுபடி பூசிடவாண்ணே?"