ஒன்பது சாம்பல் புள்ளிகள்

திருப்போரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, வியாபாரம் டல்லடித்த சமயத்தில், கைப்பேசியில் ஒரு செயலியில் சேர்ந்தேன். மிக்ஸி, குக்கர், செருப்பு என்று எதற்காவது ஒரு லிங்க் வரும். அதை நாலு பேருக்கு அனுப்பி, அவர்கள் அதன் வழியாக வாங்கினால் நமக்குக் கமிஷன். நாம் சேர்த்துவிட்ட ஆட்கள் நம்முடைய டீம். அவர்கள் விற்பதிலும் நமக்கு ஒரு துளி உண்டு.

பதினோரு பேரைச் சேர்த்தேன். அதில் ஒழுங்காக லிங்க் அனுப்பியவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மனைவி. இன்னொன்று என் மனைவியின் பழைய நம்பர். மற்ற ஒன்பது பேருக்கும் எதிரே செயலி ஒரு சாம்பல் நிறப் புள்ளி வைத்திருந்தது.

என்னைச் சேர்த்துவிட்ட டீம் லீடர் அம்மா செங்கல்பட்டுக்காரர். முன்பு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் ஒன்பது புள்ளிகளைத் திரையில் காட்டினார்.

"சார், போன்ல கேட்டா சாக்குதான் சொல்வாங்க. நேர்ல போங்க. சிரிச்ச முகமா பேசுங்க. ஏன் வேலை செய்யலன்னு கேக்கவே கூடாது. உங்க கனவு என்னன்னு கேளுங்க."

நாற்பத்தாறு வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் காலை வண்டியைக் கோவளத்துக்கு விட்டேன். பட்டியலில் முதல் ஆள் அங்கே மீன் விற்கும் ஒரு அக்கா. படகுகள் கரைக்கு வந்திருந்த நேரம். அவர் சங்கராவையும் நெத்திலியையும் கூறு போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்த முகத்தோடு ஓரமாக நின்றேன்.

"இன்னா அண்ணாத்த, ரொம்ப நேரமா சிரிச்சிகினே கீற? மீனு வோணுமா?"

"மீன் வேணாங்கா. உங்க கனவு என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

விலை கேட்டுக் கத்தியவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கனவா? படுத்தா கட்டையாட்டம் தூங்கறேன், கனவு எங்க வர்து?" என்றவர், பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினார். "யோவ், உனுக்கு எதுனா வந்துச்சா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "வந்துச்சு. நாஸ்தா கேட்டேன். நீ குடுக்கல."

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் செயலியைப் பற்றிச் சொன்னேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"ஜெராக்ஸ் கட! நீதானா? ஆதார் காப்பி எடுக்க வந்தப்போ போன வாங்கி ஏதோ அமுக்கினியே! மீன்பிடி தடைக்கு கவர்மெண்டு குடுக்கற பணம்னுல்ல நெனச்சிகினு கீறேன். எப்ப வரும் அது?"

என் சிரித்த முகம் அப்படியே கழன்று விழுந்தது. அன்று அவர் போனுக்கு வந்த ஓடிபி எண்ணை நானே பார்த்து, நானே போட்டு, நானே சேர்த்தது ஞாபகம் வந்தது. அவர் ஜெராக்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

"அது வராதுக்கா. இது வேற. தப்பு என் மேலதான்."

"அப்ப இத்தினி நாளா டொய்ங் டொய்ங்னு பேஜாரு பண்றது நீதானா? மொதல்ல அத்த எட்து வுடு!"

அவர் கை முழுக்க மீன். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனைக் கணவர் எடுத்துத் தந்தார். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கணக்கை அழித்தேன். 'நிச்சயமாக விலகுகிறீர்களா' என்று செயலி நாலு தடவை கேட்டது. அதற்குள் இரண்டு பேர் என்னைக் கடை ஆள் என்று நினைத்து நெத்திலி கேட்டுவிட்டார்கள்.

அந்த வாரமே மற்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்துத் தச்சர் ஒருவர் அதை கேஸ் சிலிண்டர் புக்கிங் என்று நம்பியிருந்தார். என் கூடப் படித்தவன் ஒருவனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. "நீ ஃபீல் பண்ணுவியேன்னுதான் மச்சான் கம்முனு இருந்தேன்" என்றான். எல்லாரையும் எடுத்துவிட்டேன். கடைசியாக மனைவியையும், அவளுடைய பழைய நம்பரையும், என்னையும்.

பத்து நாள் கழித்து லீடர் அம்மா கடைக்கே வந்துவிட்டார். நல்ல வசவு விழும் என்று எதிர்பார்த்தபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மேல இருக்கறவர் மூணு மாசமா போனே எடுக்கல சார். நேர்ல போனேன். வீடு பூட்டியிருக்கு."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து நீட்டினார். நாவலூரில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை காலியாம். ஒவ்வொன்றிலும் இரண்டு காப்பி எடுத்துத் தந்தேன். வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"சார், இது கோணலா இருக்கு. திரும்ப எடுங்க."

திரும்ப எடுத்தேன்.