ஆட்டோமேட்டிக் அருள்சாமி

எஞ்சினை அணைக்காமலேயே பானெட்டைத் தூக்கிவிடுவார் அருள்சாமி. கியர் ஆயில் அளக்கும் குச்சியை உருவி, சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொட்டு வைப்பார். சொட்டு பரவி முடியும்வரை பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. மாதுளைச் சாறு போலச் சிவப்பாகப் பரவினால் ஆயிலுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். தாளை மூக்கருகே கொண்டுபோவார்.

"வறுக்கறப்பத் தீஞ்சுபோன காப்பிக்கொட்டை வாசம் வருதுங்க. இப்படியே இன்னும் நாலு தரம் மலையெறங்குனா கியர்பாக்ஸ் வாய் விட்டு அழுவும்."

சேலத்தில் ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் அவருக்கு வேலை. காலையில் ஏற்காடு மலையிலுள்ள தன் ஊரான வெள்ளக்கடையிலிருந்து கிளம்பி, ஏற்காட்டுக்காரர்களின் காரை அவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சர்வீஸுக்கு விடுவார். மாலையில் வேலை முடிந்த காரை மேலே ஏற்றிக்கொண்டு வந்து உரியவரிடம் சேர்ப்பார். பத்தொன்பது வருடங்களாக இதுதான். சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் காரைத் தொட்டதும் வீட்டுக்கதை சொல்வார். கிளட்ச் தேய்ந்திருந்தால், "பெங்களூர்ப் பையன் லீவுக்கு வந்துட்டுப் போயிருக்கறான்." சீட் இடுக்கில் முறுக்குத் தூள் கிடந்தால், "மக புகுந்த ஊட்டுக்குப் போயாச்சு." எந்தக் காரில் ஏறினாலும் சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளிக்கொள்வார். இறங்கும்போது மறக்காமல் பழைய இடத்துக்கே தள்ளி வைப்பார்.

கியர் ஆயில் விஷயத்தில் மட்டும் அவருக்கும் ஷோரூமுக்கும் ஒத்துப்போகாது. ஜாப் கார்டு எழுதும் கவிதா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அண்ணா, இந்த வண்டிக்கு லட்சம் கிலோமீட்டர்லதான் மாத்தணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதுனவரு ஏற்காட்டுல குடியிருந்தாரா, கேளு கண்ணு. சமவெளியில லட்சம் ஓடறதும், இந்த மலையில நாப்பதாயிரம் ஏறி எறங்கறதும் ஒண்ணாகுமா?"

கவிதா சிரித்துக்கொண்டே, 'வாடிக்கையாளர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதி மாற்றக் கொடுத்துவிடுவாள். வாடிக்கையாளர் அப்போது மலையில், பாவம், ஒன்றும் தெரியாமல் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அருள்சாமி உடனே போன் போட்டு அவரைச் சம்மதிக்க வைத்துவிடுவார்.

இரண்டு வருடங்களாக அவர் ஆட்டோமேட்டிக் கார்களைத்தான் எடுக்கிறார். கிளட்ச் மிதிக்கிற கார் தன் பங்குக்கு வந்தால், கரடியூர் முருகனிடம் தள்ளிவிடுவார். மலைக் கார்களுக்கு அவனும் ஒரு டிரைவர், முப்பது வயது. அவன்தான் பட்டப்பெயர் வைத்தவன்.

"ஆட்டோமேட்டிக் மைனரு வாராரு, வழிய உடுங்க! ஏனுங்ண்ணா, எடது காலுக்கு மட்டும் ரிட்டேர்மெண்ட் குடுத்துட்டீங்களா?"

"ஆமா சாமி, அது சீனியர் காலு" என்பார் அருள்சாமி. எல்லோரும் சிரிப்பார்கள்.

முருகன் விளையாட்டாகச் சொன்னது உண்மை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் ஷோரூம் வாசலில் இறங்கி உள்ளே வந்தவரைப் பார்த்து வாட்டர் வாஷ் செய்யும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருடைய வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு, எண்பதடி பின்னால், கேட்டருகே கிடந்தது. கழன்று விழுந்ததும் தெரியவில்லை, தார் சுட்டதும் தெரியவில்லை. பதினோரு வருடச் சர்க்கரை. டாக்டர் ஊசி முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். பாதி இடங்களில் தெரியவில்லை. இன்னொரு காலுக்கும் வரலாம், கவனமாக இருங்கள் என்றவர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"எஸ்டேட்டுல வாட்ச்மேனுங்க" என்றார் அருள்சாமி. வாழ்நாளில் கூசாமல் சொன்ன முதல் பொய் அதுதான்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு வலது பாதமும் மரத்துப்போகத் தொடங்கியது. மனைவி ஜெயகுமாரியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் தரையைப் பார்த்தபடியே நடந்தார். "என்னத்தத் தொலைச்சீங்க, இப்படித் தேடறீங்க?" என்று அவள் கேட்டால், "சட்டைப் பட்டன்" என்பார். ஓட்டும்போதும் அப்படித்தான். வளைவுக்கு வளைவு ஒரு நொடி குனிந்து, கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வார். கால் சொல்ல வேண்டியதைக் கண் சொன்னது. மலை இறங்கத் தெரியாதவன் என்று இதுவரை யாரும் சொல்லாத மனிதர். அந்த ஒரு பெயரை விட்டுக்கொடுக்க முடியாமல்தான் குனிந்து குனிந்து ஓட்டினார்.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை ஆன்மேரி டீச்சரின் பழைய ஆட்டோமேட்டிக் காரை எடுக்கப் போனார். ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்கு அருகில் டீச்சர் வீடு. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். தாளில் வைத்த சொட்டு காப்பிக் கறையாகவே பரவியது. ஆயில் மாற்ற டீச்சர் ஒத்துக்கொண்டார். ஆனால் காரைத் தனியாக அனுப்ப மனமில்லை.

"நானும் வாரேனுங்க. பழசு எப்படி வெளிய வருது, புதுசு எப்படி உள்ள போவுதுன்னு என் கண்ணால பாக்கோணும். கணக்கு டீச்சரை ஏமாத்த முடியாது."

"வாங்க டீச்சர். மார்க்குப் போட்டு உடுங்க."

இறக்கம் தொடங்கியது. நான்கைந்து வளைவுகள் தாண்டியதும் டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க அருளு, ரோட்டப் பாக்காம அடிக்கொருக்காக் காலப் பாக்கறீங்க? அங்க என்ன சினிமாவா ஓடுது?"

அருள்சாமி சிரித்தார். மாட்டிக்கொண்ட கூச்சத்தில் அடுத்த வளைவில் குனியவில்லை.

கீழிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கார் நிற்கவில்லை. குனிந்தால், பாதம் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. காலைத் தூக்கிப் போட்டு மிதித்தபோது பஸ்ஸின் முகப்புக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது.

"யோவ், ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார் பஸ் டிரைவர். பிறகு ஆளை அடையாளம் கண்டு, "அட, அருளண்ணனா? நீங்களேவா?" என்றார். முதலில் கத்தியது வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

பஸ்ஸுக்கு வழிவிட்டு, சாலை அகலமாக இருந்த இடத்தில் காரை ஓரங்கட்டினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கையை அதன் மேலேயே வைத்திருந்தார். சில்வர் ஓக் மரங்களிலிருந்து மழைத்தண்ணீர் கண்ணாடியில் சொட்டியது.

"டீச்சர், இனிமே நீங்க ஓட்டுங்க."

"நானா? சர்ச்சு, ஸ்கூலு, மார்க்கெட்டு. அதைத் தாண்டி நான் ஓட்டுனதே இல்லீங்களே!"

"எனக்குக் காலு தெரிய மாட்டேங்குது."

"தெரியலைன்னா?"

"இருக்குதுங்க. ஆனா இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க."

டீச்சர் அவர் காலைப் பார்த்தார். "எத்தன நாளா?"

"எடது ரெண்டு வருசம். இது பொங்கலுக்கு அப்புறம்."

"போன மாசம் எங்க மக ரூபிய இதே வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. எட்டு மாசப் புள்ளத்தாச்சி."

அருள்சாமி ஹேண்ட்பிரேக்கை இன்னும் ஒரு பல் மேலே இழுத்தார். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முருகனுக்குப் போன் போட்டார். அவன் ஆத்தூர்ப் பக்கம் போயிருந்தான், வர மதியம் ஆகும் என்றான். டீச்சர் கைப்பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, காரைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றார். "எறங்குங்க" என்றார்.

இறங்குவதற்கு முன் அருள்சாமி கவிதாவிடம் போனில் பேசினார். "கண்ணு, டீச்சர் வண்டி வருது. கியர் ஆயில் மாத்தறதை மொதல் வரியா எழுதிக்க. அப்புறம், திங்கக்கெழமையிலிருந்து என் பேருக்கு வண்டி போடாத."

"ஏன்ணா, லீவா?"

"இல்ல கண்ணு. ஆட்டோமேட்டிக்கும் வேண்டாம்." அவள் மேலே கேட்பதற்குள், "நேர்ல வந்து மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். "கியர் லிவரை ரெண்டுல வெய்யுங்க டீச்சர். பிரேக்க மட்டும் நம்பாதீங்க, கியரே பாதி புடிச்சுக்கும். மேல வர்ற வண்டிக்கு நின்னு வழி உடுங்க." டீச்சர் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஜெபம் சொன்னபடி காரை நகர்த்தினார்.

அடுத்த வளைவு தெரிந்தது. "இப்பப் பிரேக்கப் புடிங்க" என்றார் அருள்சாமி மெல்ல. சொல்லிக்கொண்டே, இரண்டு உள்ளங்கைகளையும் தன் வலது முழங்காலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாதத்தைத் தரையோடு அழுத்தினார். கார் வளைந்து நேராகும்வரை கையை எடுக்கவில்லை.