மாவுக்கட்டு அக்கா சொல்லும் உண்மை

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் பெயர் தெரியாதவர்கள் உண்டு. மாவுக்கட்டு அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருடமாக ஈரக் கட்டுத்துணியைச் சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனியெல்லாம் சொரசொரத்துப் போயிருந்தது. கட்டுப் பிரிக்கிற மெஷின் உறுமினால் போதும், பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிடுவார்கள். அவள் முதலில் தன் உள்ளங்கையில் அதை வைத்துக் காட்டுவாள். "பாத்தியா, கிச்சுகிச்சுதான் மூட்டும்" என்பாள். அழுகை பாதியில் நின்றுவிடும். அந்தக் கைராசி வேறு யாருக்கும் இல்லை.

இப்பேர்ப்பட்டவள் வீட்டில் என்ன செய்தாள் தெரியுமா? ஒரே மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். அவள் கண்ணுக்கு ஊஞ்சல் என்றால் முழங்கை முறிவு, சைக்கிள் என்றால் கணுக்கால் முறிவு. பிள்ளைக்கு மூச்சிரைப்பு என்று பள்ளிக்கூடத்துக்குப் பொய்க் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் மைதானத்தில் புழுதி கிளப்பும்போது மகள் காலி வகுப்பறையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். "என் பொண்ணு மேல ஒரு கட்டு விழுந்ததில்ல" என்று வார்டு முழுக்கப் பெருமை வேறு. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருடம் உடைந்த கைகளையே பார்த்தால் யாருக்கும் புத்தி அப்படித்தான் போகும்.

மகள் தன் பதினோராவது வயதில் வாசலில் கடைசிப் படியில் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தாள். ஒரு சாண் உயரம்தான். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரேயை இரண்டு தடவை பார்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார்.

"இப்படி விழுந்ததுக்கெல்லாம் இது உடையக் கூடாதும்மா. எலும்புல சத்தே இல்ல. பிள்ளை வெயில்ல ஓடியாடுறதே இல்லையா?"

டாக்டர் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா வளர்ற வயசுல ஓடிக் குதிச்சாத்தான் எலும்பு உறுதியாகும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். இதே பேச்சை எத்தனையோ தாய்மாரிடம் அவர் சொல்ல, பக்கத்தில் நின்று தலையாட்டியவள் அவள். அது ஊருக்குத்தான், தன் வீட்டுக்கில்லை என்று நினைத்திருந்தாள் போலும்.

மகளுக்குத் தானே கட்டுப் போட உட்கார்ந்தாள். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஓடவே இல்லம்மா. பாத்துப் பாத்துத்தான் இறங்கினேன். சத்தியமா."

வலியில் துடிக்கிற பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது. நியாயமாகக் கேட்க வேண்டியவள் பெற்றவள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போய் விளையாட்டு சாரின் முன்னால் நின்றாள். "மூச்சிரைப்பெல்லாம் ஒண்ணுமில்ல சார். பொய் எழுதிட்டேன். அந்தக் கடுதாசியைக் குடுத்துடுங்க." கட்டுப் பிரிந்து, டாக்டர் சரி என்றதும், சாயங்காலம் தெருவில் மகளோடு அவளும் கயிறு தாண்டினாள். நாற்பத்து மூன்று வயதில் தொப்பை குலுங்க அவள் குதித்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் காதில் வாங்கவில்லை. மகள் பந்து விளையாடப் போன நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். கூப்பிடவில்லை. அதுதான் பெரிய காரியம் என்பேன்.

தவறு செய்தவர்கள் பெரும்பாலும் அதை மூடி மறைப்பார்கள். அவளோ கட்டுப் போடும் அறையில், வார்டே கேட்கும்படி போட்டு உடைத்தாள். போன வாரம் மகனின் கையைத் தாங்கிக்கொண்டு வந்த ஒருத்தி, "இனிமே இவனை வாசப்படி தாண்ட விடமாட்டேங்க்கா" என்று மூக்கைச் சிந்தினாள்.

"விடுங்கம்மா, கை சேர்ந்ததும் ஓட விடுங்க. நான் விடல. என் பொண்ணு கையை நான்தான் ஒடிச்சேன்."

வந்தவள் மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டாள். "இப்ப எப்படிக்கா இருக்கா?"

அக்கா துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"முட்டி ரெண்டும் சிராய்ப்பு. பாக்கவே நிம்மதியா இருக்கு."