மருதப்பன் பார்த்து அனுப்பிய மெஷின்கள்

மூடியைக் கழற்றிய விரல்கள் பெல்ட்டை நடுவில் அழுத்திப் பார்த்தன. போன தடவை மாட்டிய புது பெல்ட். ஓரம் பிசிறவில்லை. கப்பியின் பள்ளத்தில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லை ஆணியால் சுரண்டி எடுத்தன. பிறகு கைப்பிடியிலிருந்து இறங்கும் கேபிளைத் தடவிக்கொண்டே வந்து, லீவரை அழுத்தினால் எங்கே இறுகுகிறது என்று பார்த்தன. இறுக வேண்டிய இடத்தில்தான் இறுகியது.

"பெல்ட் நல்லா இருக்கு. கேபிளும் நல்லா இருக்கு," என்றார் மருதப்பன்.

"அப்ப எங்கிட்டதான் கோளாறா?" என்றார் அந்தப் புல்வெட்டும் மெஷினை ஓட்டும் அஹமது கபீர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது. "நேத்து புக்கிட் பாஞ்சாங் மேட்டுல நெஞ்சக் குடுத்துத் தள்ளுனேண்ணே. பேருதான் தானா ஓடுற மெஷின். ஓடுனது நான் லா."

செம்பவாங்கில் பிறந்து வளர்ந்த உள்ளூர்க்காரரான மருதப்பன், புல்வெட்டும் ஒப்பந்தக் கம்பெனியில் முதலில் லாரியில் போய்ப் புல் வெட்டியவர்தான். கொட்டகையில் பழுது பார்க்கிறவர்கள் மெஷினைப் பிரிக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு அந்தப் பழுது பார்க்கும் மேசை அவருக்கே வந்தது.

இழுவை சரியா என்று பார்க்க அந்தக் கொட்டகையில் வழக்கமான வழி ஒன்றுதான். எஞ்சினை ஓடவிட்டு, குதிகாலைத் தரையிலிருக்கும் தண்ணீர்க் கால்வாயின் விளிம்பில் ஊன்றி, கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆளையும் பெயர்த்துக்கொண்டு போனால் நல்ல மெஷின். ஆள் அசையாமல் நின்றால் மறுபடி பிரிக்க வேண்டும். முன்பெல்லாம் மருதப்பன் கனத்த உடம்புக்காரர். அவரைப் பெயர்த்த மெஷின் இழுக்கவில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது.

போன வருஷம் வயிற்றில் கட்டி வந்தது. இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். மனைவி சரஸ்வதி தேக்காக் கடைத்தெருவில் சின்ன அளவுக் கால்சட்டைகள் வாங்கி வந்தார். மருதப்பன் அவற்றைத் தொடவில்லை. பழையதையே போட்டு, இடுப்புவாரில் தானே புதுத் துளைகள் குத்திக்கொண்டார். மார்சிலிங் வீட்டில் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே பயமாக இருந்தது. இந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் பழைய ஆளாக இருந்தார்.

அந்த மேசைக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேற்பார்வையாளர் வெங்கட் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இதே மெஷின் மூணாவது தடவைண்ணே. இன்னொண்ணு இப்படித் திரும்பி வந்தா ரிப்பேரையெல்லாம் வெளியில குடுத்துடலாம்னு ஆபீஸ்ல பேச்சு. நான் எவ்வளவுதான் உங்களுக்காகப் பேசுறது?"

மருதப்பன் எஞ்சினை முடுக்கினார். குதிகாலை ஊன்றிக் கைப்பிடியைப் பிடித்தார். மெஷின் அவரைப் பெயர்த்துக்கொண்டு விடுவிடுவென்று போனது.

"பாத்தியா? நல்லாத்தானே இழுக்குது."

கபீர் மெஷினைப் பார்க்கவில்லை. மருதப்பனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு தடவை பிடிக்கட்டுமாண்ணே?"

கபீர் பிடித்தார். மெஷின் நின்ற இடத்தில் நடுங்கியது. பின்சக்கரத்துக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. மருதப்பன் சோதித்த எந்தத் தடவையும் அந்தச் சத்தம் வந்ததில்லை.

கபீர் எஞ்சினை நிறுத்தினார். "நான் கொஞ்சம் கனம்ணே," என்றார், தரையைப் பார்த்து. "சும்மாவா, பிரியாணி உடம்பு."

மருதப்பன் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தின் உட்புறப் பற்கள் மழுங்கியிருந்தன. அவற்றைச் சுழற்றும் சின்ன கியரும் அப்படியே. சுமை குறைவாக இருந்தால் பல் பற்றிக்கொள்ளும், கூடினால் தாவிவிடும். முதல் தடவை கேபிளை இறுக்கினார், அடுத்த தடவை பெல்ட்டை மாற்றினார். இரண்டு தடவையும் மெஷின், இளைத்துப்போன அவரைப் பெயர்த்தது. அத்தோடு மூடியைப் பூட்டிவிட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

பெட்டி மேல் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதே போல் பிடித்துப் பார்த்து, சரி என்று லாரியில் ஏற்றிய மற்ற மெஷின்கள் நினைவுக்கு வந்தன. அவை திரும்பி வரவில்லை. எல்லாரும் கபீரைப் போல வாய் திறக்கிறவர்கள் இல்லை. பிழைக்க வந்த இடத்திலிருந்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பேசாமல் தள்ளுகிறவர்கள்தான் அதிகம்.

வெகுநேரம் கழித்து எழுந்தார். மூலையில் கிடந்த செத்த மெஷினிலிருந்து சக்கரங்களையும் கியர்களையும் எடுத்து, ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவிப் பார்த்தார். இடதும் வலதும் மாறினால் சக்கரம் ஓடாது. பிரித்து வைத்துக்கொண்டார். கிரீஸ் வைத்தால் புல்தூசி ஒட்டும் என்று உலர்வாகவே மாட்டினார். முடித்ததும் பழக்கத்தில் கை கைப்பிடிக்குப் போனது. அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"நீ பிடி, கபீரு."

கபீரின் பூட்ஸ் சிமெண்டில் கரகரத்தது. மெஷின் அவரைக் கொட்டகை வாசல் வரை இழுத்துப் போனது.

"இதுதாண்ணே மெஷின்," என்று திரும்பியவர், மருதப்பன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "கியர் தேஞ்சிருந்துச்சு, மாத்திட்டாருன்னு வெங்கட்கிட்ட சொல்லிக்கிறேன். வேற எதுவும் வேணாம்."

"நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் பாத்து அனுப்புன மெஷின் எல்லாம் இங்க திரும்ப வரணும். அதையும் சொல்லு."

"எல்லாமா? அண்ணே, காலையில வெங்கட் சொன்னது..."

"ஞாபகம் இருக்கு."

"அப்புறம் உங்களை இங்க வச்சிருக்க மாட்டாங்க."

"தோளு இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார் மருதப்பன்.

கபீரின் இடது கை மறுபடி வலது தோளுக்குப் போயிருந்தது. அதை எடுத்தார். மருதப்பன் கந்தல் துணியால் கைப்பிடியைத் துடைத்து, மெஷினை அவர் பக்கம் திருப்பினார். கபீர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.