ஒன்பது புள்ளி மூன்று

சென்ற வாரம் ஒரு சண்டையை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அப்படிப்பட்ட சண்டைகள்தான் எவ்வளவு சுகம்!

பக்கத்து பிளாட் கலைவாணி ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறாள். எது என்று கேட்காதீர்கள், அம்பத்தூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நாங்கள் இருவரும் கள்ளிக்குப்பம் தெருக்களில் நடப்போம். நடப்பது ஒரு சாக்கு... உண்மையான உடற்பயிற்சி வாய்க்குத்தான். அன்று அவள் வாயே திறக்கவில்லை.

"என்ன கலை, மௌன விரதமா?"

"ஒரு பொண்ணு கிளாஸ்ல வச்சு என்னை அசிங்கப்படுத்திட்டா அக்கா."

விஷயம் இதுதான். தனி ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, அது இருபது முறை போய் வர எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப் கிளாக்கில் பார்ப்பார்கள். நூலின் நீளமும் நேரமும் தெரிந்தால், பூமியின் இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். விடை 9.8. அது புத்தகத்தில் இருக்கிறது. கைடில் இருக்கிறது. சீனியர் அண்ணன்களின் ரெக்கார்டு நோட்டிலும் இருக்கிறது.

மாடல் பிராக்டிகலில் வகுப்பு முழுக்க 9.8 எழுதியிருந்தது. இரண்டு பேர் அடக்கமாக 9.79. ஒரு வீரன் 9.81. யமுனா என்ற பெண் மட்டும் 9.3.

கலைவாணி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, "ரீடிங்கை ஒழுங்கா எடுத்துட்டு வா" என்றிருக்கிறாள்.

"ஒழுங்காத்தான் மிஸ் எடுத்தேன். மூணு வாட்டி எடுத்தேன். அதான் வந்துச்சு."

"அப்போ மத்த எல்லாருக்கும் மட்டும் எப்படி 9.8 வந்துச்சு?"

"அவங்கல்லாம் ஆன்சர மொதல்ல எழுதிட்டு, அப்பால ரீடிங் போட்டாங்க மிஸ்."



இந்தப் பெண் சொன்னதில் பொய் உண்டா? தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் படித்து, ஒருமுறைகூட விடையிலிருந்து ரீடிங்குக்குப் பின்பக்கமாக நடக்காதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்... சரி, ஒருவரும் இல்லை.

கலைவாணிக்கும் இது தெரியும். தெரிந்ததை முப்பது பேர் முன்னால் ஒருத்தி உரக்கச் சொல்லிவிட்டாள். அதுதான் குற்றம். "சனிக்கிழமை உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தது. "ஸ்கூல்ல பத்து நிமிஷ வேலை, முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றாள் கலைவாணி. ஸ்டூலில் உட்கார்ந்த கதை இதுதான்.

யமுனாவின் அப்பா பழனி. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை. நைட் ஷிஃப்டை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மன்ச்சிருங்க டீச்சரம்மா. இவ இப்டித்தான். ஊட்லயும் எதுக்கெடுத்தாலும் ஏன், எதுக்குன்னு கேட்டுகினே கீறா. அவங்கம்மா தலைல அட்ச்சுக்குது." மகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் இன்னா எழுதுனாங்களோ அத எழுதிட்டுப் போயேன்மா. உனுக்கு மட்டும் இன்னாத்துக்குத் தனி ரூட்டு?"

"வராதத எப்டிப்பா எழுதுறது?"

"மார்க்கு டீச்சரம்மா கைல கீது. எதுத்துப் பேசுனா ஆரு போடுவாங்க?"

இதை அவர் டீச்சரம்மாவின் முன்னாலேயே சொன்னார். குத்தலாக அல்ல, கெஞ்சலாகவும் அல்ல. மேலே எறிந்த கல் கீழே விழும் என்பதைப் போல ஓர் இயற்கை விதியாகச் சொன்னார். கலைவாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் அப்படிப்பட்டவ இல்லைங்க. தப்பு எங்கேன்னு உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன்" என்று எழுந்தாள். ஊசலைக் கட்டினாள். அளந்தாள். பீரோவின் இழுப்பறையிலிருந்து ஸ்டாப் கிளாக்கை எடுத்தாள். லேபில் ஊசல் சோதனைக்கென்று இருப்பது அந்த ஒரே கடிகாரம்தான், வகுப்பு முழுக்க வரிசையில் நின்று அதைத்தான் பயன்படுத்தும்.

குண்டு ஆடியது. கலைவாணி எண்ணினாள். யமுனா உதட்டசைவில் கூடவே எண்ணினாள். பழனி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டூலில்.

கலைவாணி கால்குலேட்டரைத் தட்டினாள். பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

பிறகு நூலின் நீளத்தைக் கூட்டி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் எண்ணினாள். கால்குலேட்டர்.

"எவ்ளோ மிஸ்?" என்றாள் யமுனா.

கலைவாணி கால்குலேட்டரை மேஜையில் வைத்தாள். பிறகு, "ஒன்பது புள்ளி மூணு."

இந்த இடத்தில் கலைவாணியை நான் கூர்ந்து கவனித்தேன். பல வருடப் பழக்கம், ஆனாலும் அடுத்து என்ன செய்வாள் என்று ஊகிக்க முடியவில்லை. "இன்னிக்கு ஃபேன் காத்து ஜாஸ்தி" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது? எனக்கு என்ன தெரியப்போகிறது?

"அப்ப எம் பொண்ணு ரைட்டா டீச்சரம்மா?"

"இல்லைங்க. 9.3 தப்புதான்." குரல் இறங்கியிருந்தது. "ஆனா தப்பு இவ மேல இல்ல."

அதற்குப் பிறகு அங்கே சண்டை இல்லை. மூவருமாகக் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார்கள். நூலா? இரண்டு நீளத்திலும் அதே விடை, ஆகவே இல்லை. ஸ்கேலா? வேறு ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. எண்ணிக்கையா? இரண்டு பேர் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். மிச்சம் கடிகாரம். யமுனா அப்பாவின் செல்போனை வாங்கி, அதில் டைமரை ஓடவிட்டு ஸ்டாப் கிளாக்கின் பக்கத்தில் வைத்தாள். போனில் ஐந்து நிமிடம் முடிந்தபோது, கடிகாரம் எட்டு வினாடி முன்னால் போயிருந்தது.

"ஃபாஸ்டா ஓடுது மிஸ்!"

கடிகாரத்தைத் திரும்ப வைக்கப்போன கலைவாணி, இழுப்பறையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கடிகாரம் வைக்கிற அதே தட்டில், ஒட்டினாற்போல் சட்டக் காந்தங்கள். காந்தம் பட்டால் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில் கெட்டு, ஓட்டம் கூடிவிடுமாம். இதை அவளே வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறாளாம்.

"எத்தனை வருஷமா இப்படி ஓடுதோ அக்கா... அத்தனை வருஷமும் எல்லாருக்கும் 9.8 வந்திருக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு என்று சொல்லமுடியாத ஒரு சிரிப்பு.

இப்போது பத்தி எழுதுகிறவள் தத்துவம் பேசும் கட்டம். வாரா வாரம் வாசிப்பவர்களுக்குப் பழகியிருக்கும், புதியவர்கள் பொறுத்தருள்க.

அறிவியலுக்கு ஊர் இல்லை, மொழி இல்லை என்பார்கள். விடைகளுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆவடியிலும் 9.8, அமெரிக்காவிலும் 9.8. ஆனால் விடைக்குப் போகிற வழிக்கு ஊர் உண்டு. ஐரோப்பாவில் நவீன அறிவியலைத் தொடங்கி வைத்தவர்களில் பலர் பெரிய பக்திமான்கள். ஆண்டவன் சட்டம் போட்டுத்தான் உலகத்தை நடத்துகிறான் என்று நம்பினார்கள். சட்டம் இருக்கிறது என்றால் கண்டுபிடிக்கலாம் அல்லவா? தேடினார்கள். கூடவே, எந்தப் பெரியவர் சொன்னாலும் செய்து பார்த்தால்தான் நம்புவேன் என்ற பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. நம்பிக்கை ஒன்று, நம்பாமை ஒன்று. இரண்டுமே லேபுக்கு வெளியே பிறந்தவை. வெறுமையைக் கண்டு மிரளாமல் யோசித்த மரபு இங்கே இருந்ததால்தான், ஒன்றுமில்லாததற்கும் ஒரு வட்டம் போட்டுச் சுழியம் என்று கணக்கில் சேர்க்க முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நிரூபிப்பது கஷ்டம். கேட்க நன்றாக இருக்கிறது.

நான் தமிழ் எம்.ஏ. எனக்குத் தெரிந்த இயற்பியல், ஃபேன் சுவிட்சோடு சரி. ஆனால் அந்த லேபில் உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் உருப்போட்ட ஒரு சொல் மேலே வந்தது. அளவை. தர்க்கத்துக்குத் தமிழில் அளவை என்று பெயர். ஓர் உண்மையை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது கேள்வி. கண்ணால் காண்பது காட்சி. கண்டதை வைத்து யோசித்து அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்வது உரை. புகையைப் பார்க்கிறோம், காட்சி. நெருப்பு இருக்கும் என்கிறோம், கருதல். 'அந்தப் பக்கம் போகாதே, குப்பை எரிகிறது' என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னால் உரை.

இத்தனை நுணுக்கமாகப் பிரித்துவைத்த நாம், பள்ளிக்கூட லேபில் என்ன செய்தோம்? காட்சியைக் கழற்றிவிட்டோம். கருதலுக்கு வேலையே வைக்கவில்லை. உரை மட்டும் மிஞ்சியது, அதற்கு மதிப்பெண்ணும் போட்டோம்.

அவசரப்பட்டு உரையைத் திட்டவும் முடியவில்லை, அதுதான் வேடிக்கை. புத்தகம் சொன்னது சரி. புத்தகத்தை நம்பாமல் காட்சியை மட்டும் நம்பியிருந்தால், 'அம்பத்தூரில் பூமி கொஞ்சம் மெதுவாக இழுக்கிறது' என்று யமுனா ஒரு புதுக் கொள்கையே தொடங்கியிருக்கலாம். புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால், கடிகாரம் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். புத்தகத்தின் 9.8-ம் யமுனாவின் 9.3-ம் ஒரே மேஜையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் கடிகாரம் மாட்டியது.

சரி, கதைக்கு வருகிறேன்.

பழனி போகும்போது மகளின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "டீச்சரம்மாவே ஒத்துகினாங்க. இனிமே ஊட்ல ஒன்ன புடிக்க முடியாது" என்றார். பெருமையா, கவலையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

திங்கட்கிழமை கலைவாணி வகுப்பில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "இந்தக் கிளாக்கை வச்சு யாருக்கும் 9.8 வரவே வராது" என்றதும் முப்பது தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. யமுனாவுக்கு முழு மதிப்பெண் போட்டாள். மற்றவர்களுக்குக் குறைக்கவில்லை. ஒரு வகுப்பு முழுவதையும் ஃபெயிலாக்கிவிட்டு எந்த டீச்சர் வேலையில் இருக்க முடியும்?

வகுப்பு முடிந்ததும் யமுனா மேஜைக்கு வந்தாள்.

"அவங்களுக்கும் ஃபுல்லு, எனுக்கும் ஃபுல்லு. அப்ப நா இன்னாத்துக்கு மிஸ் மூணு வாட்டி எடுத்தேன்?"

 அன்று மாலை நடக்கும்போது கலைவாணி அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். நான் தமிழ் எம்.ஏ. என்று நினைவுபடுத்தினேன்.

அடுத்த பிராக்டிகலுக்கு அவள் லேபைத் திறக்கவில்லை. பள்ளியின் மாடிப்படிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில், மேல் மாடியின் கைப்பிடிக் கம்பியிலிருந்து தரைக்குச் சற்று மேலே வரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டாள். முனையில் ஒரு பெரிய பூட்டு. நேரம் பார்க்கக் குழுவுக்கு ஒரு நல்ல ஸ்டாப் கிளாக்.

"இந்தக் கயிறு எவ்வளவு நீளம்? யாரும் மேல ஏறி அளக்கக் கூடாது. ஆட்டிப் பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

முன்வரிசைப் பையன் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டான். "ஆன்சர் இன்னா மிஸ் வரணும்?"

"தெரியாது. நானும் இன்னும் அளக்கல."

"தெரியாதா?"

கைடு இல்லை. சீனியர் நோட்டு இல்லை. பின்பக்கமாக நடக்க விடையும் இல்லை. வேறு வழியில்லாமல் அந்த வகுப்பு முதன்முறையாக ஓர் ஊசலை எண்ணியது. படிக்கட்டு முழுக்கக் கூச்சல். ஒரு குழுவின் விடை இன்னொன்றோடு சேரவில்லை. "நீ லேட்டா அமுக்கின", "நீதான் ஒண்ண உட்டுட்ட" என்று அடிதடிக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்கள்.

கடைசியில் கலைவாணி டேப் வைத்து அளந்தபோது, யமுனாவின் குழு சொன்ன நீளம்தான் உண்மையிலிருந்து மிகவும் விலகியிருந்தது. ஆட்டத்தை ஒன்று கூடுதலாக எண்ணிவிட்டாள். இதைக் கண்டுபிடித்தது அந்த 9.81 வீரன். முதலில் அவனோடு சண்டை போட்டாள். பிறகு மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா, ஒண்ணு சாஸ்தி எண்ணிட்டேன்" என்றாளாம். மறுபடியும் மூன்று முறை எடுத்தாளாம். இந்த முறை ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

கலைவாணி இதையெல்லாம் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். அது ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் காலை பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்: 'பிசிக்ஸ் மிஸ்ஸுக்கே ஆன்சர் தெரியாதாம். கிளாஸிலேயே சொல்லியிருக்காங்க. இப்படி இருந்தா பிள்ளைங்க எப்படிப் படிப்பாங்க?' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

"என்ன பதில் போடுறது அக்கா?" என்று போனை நீட்டினாள்.

"தெரியாதுன்னே போட்டுடு" என்றேன்.