எடைக்காரரின் வெற்று எடை

லாரியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவார். வளைவில் திரும்பும்போதே டயர் பிதுங்கியிருப்பதைப் பார்த்து, "பதினாறு டன், கொஞ்சம் கூட இருக்கும்" என்பார். கல்குவாரி வாசலில் உள்ள எடை மேடையில் ஏற்றினால் பதினாறே கால் காட்டும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நின்றுவிட்டது. வெளியில் எல்லாருக்கும் அவர் எடைக்காரர்தான்.

அவருக்குப் பெண்டாட்டி வந்ததும் அந்த எடை மேடையால்தான். லாரியைக் காலியாக நிறுத்து அதன் வெற்று எடையை முதலில் குறித்துக்கொள்வார்கள். ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்ததும் மறுபடி நிறுப்பார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ஜல்லியின் எடை. ஒருநாள் மீசை சரியாக முளைக்காத டிரைவர் ஒருவன், காலி லாரிக்குள் நாலு ஸ்டெப்னி டயர், இரும்புச் சங்கிலி, ஒரு பீப்பாய் தண்ணீர் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து வெற்று எடை போட்டான். உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிவிட்டு, அந்த அளவுக்கு ஜல்லியைக் கூட ஏற்றிக்கொண்டான். நம்பர் துளி பிசகவில்லை. எடைக்காரர் மட்டும் அறையை விட்டு இறங்கி வந்து, லாரிக்கு அடியில் குனிந்து, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டாவைப் பார்த்தார்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு தம்பி. வண்டி ஏன் இப்படி உக்காந்திருக்கு?"

மறுநாள் டிரைவரின் அப்பா, பையன் வேலை போய்விடக் கூடாதென்று கெஞ்ச வந்தார். கூடவே அவனுடைய அக்காவும் வந்தாள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவள், "அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். எடைக்காரர் அரை மணி நேரம் டயரைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டுவிட்டும் அவரைக் கட்டிக்கொண்டாள். திருட்டு லோடு ஏற்றிய டிரைவர் மைத்துனன் ஆனான்.

எடைக்காரரின் அப்பாவுக்கும், அப்பாவின் மூத்த அண்ணனுக்கும், அவர்களின் சித்தப்பாவுக்கும் இரத்தக் கொதிப்பு உண்டு. அவர்கள் எல்லாரும் அதை வைத்துக்கொண்டே எண்பதைத் தொட்டார்கள். இவருக்கு மட்டும் நாற்பத்தெட்டு வயதில் அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆயிற்று.

முதல் நாள் அந்த மெஷினைப் பார்த்துப் பயந்தவர், ஒரு மாதத்தில் அதன்மேல் மயங்கிப் போனார். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே போகும். சலித்துச் சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். எழுந்திருப்பதற்குள் உடம்பில் உள்ள இரத்தம் மொத்தமும் பத்துத் தடவைக்கு மேல் வெளியே போய்விட்டு வந்திருக்கும்.

"தங்கச்சி, இப்ப என் ரத்தம் வெளியில இருக்கா, உள்ள இருக்கா?" என்று நர்ஸைக் கேட்பார்.

"ரெண்டு எடத்துலயும் இருக்குண்ணே. ஆடாம இருந்தீங்கன்னா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன்."

ஊசி போடுவதற்காக அந்தக் கையில் சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே ஏதோ வண்டு அடைபட்டதுபோல அதிரும், ரீங்கரிக்கும். அது நின்றால் ஆபத்து. பெண்டாட்டி காலையில் எழுந்ததும் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பாள்.

சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். மெஷின் அதை எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை என்று ஒன்றை அட்டையில் எழுதி வைப்பார்கள். இவருக்கு அறுபத்திரண்டு கிலோ. "எனக்கும் வெற்று எடை போட்டாச்சு" என்று சிரித்தார். நாக்கை அடக்கி, ஒவ்வொரு தடவையும் அறுபத்திரண்டில் வந்து நிற்பார். பக்கத்துக் கட்டில் தையற்காரரோ தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து திட்டு வாங்குவார். "நம்ம ஆளு கல்லு மாதிரி நிக்கிறாரு பாருங்க" என்று நர்ஸ் காட்டும்போது எடைக்காரருக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் கொரோனா வந்தது.

மற்றவர்களால் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. டயாலிசிஸ்காரர்களால் முடியவில்லை. தெருவே அடங்கிக் கிடந்தபோதும் ஒருநாள் விட்டு ஒருநாள் கிளம்பி, பலர் வந்து போகும் அந்த அறையில் நாலு மணி நேரம் இருந்தாக வேண்டும். தையற்காரருக்கு முதலில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இவருக்கு.

தொற்று வந்தவர்களுக்கென்று பக்கவாசல் வழியாகத் தனி அறை, தனி மெஷின். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை போட்டு யாரோ வந்தார்கள். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எடைக்காரர் மிரண்டு பார்க்கவும், அந்த உருவம் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் 'தங்கச்சி' என்று எழுதிக்கொண்டு வந்து நின்றது. அந்த உறைக்குள் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போகாமல் அவள் நின்றாள். தாகம் என்றால் என்னவென்று தெரிந்த மனுஷன் அவர். மூச்சு வாங்கும் நிலையிலும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "கையை ஆட்டாதீங்கண்ணே" என்று அதட்டினாள்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் ஆக்ஸிஜன். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சோறும் சுண்ணாம்பும் ஒன்றாக இருந்தன. தையற்காரர் ஏழாம் நாளே போய்விட்டார். எடைக்காரர் பிழைத்து வீடு வந்தார்.

வந்த பிறகுதான் அந்தத் தொல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் படுத்தால் மூச்சு அடைத்தது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. கடைசியில் மேசைமேல் கைகளை மடக்கி வைத்து அதில் தலை சாய்த்து உட்கார்ந்தே தூங்கினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு. கொரோனா விட்டுட்டுப் போனது. ஆறலாம், ஆறாமலும் போகலாம்" என்றார். தண்ணீர் தேங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தபோது அட்டையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அறுபத்திரண்டு. கல்லு மாதிரி.

இனி வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே கழிக்க வேண்டியதுதானா என்று பெண்டாட்டி அடுப்படியில் அழுததை அவர் கேட்காததுபோல் கேட்டார். எப்படியும் உட்காரத்தான் போகிறோம், எடை மேடையிலேயே உட்காருவோம் என்று வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் மைத்துனன் லோடோடு வந்தான். எடைச் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினார் எடைக்காரர். வலது கைக் கடிகாரம் நழுவி முழங்கைவரை ஓடியது.

"என்ன மாமா, வாட்ச் வளையலாயிடுச்சு? அக்காகிட்ட சொல்லி இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டுக்குங்க."

எடைக்காரர் சிரிக்கவில்லை. கடிகாரத்தை மணிக்கட்டுக்குத் தள்ளினார். மறுபடி மேலே ஏற்றினார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெண்டாட்டி பெல்டில் ஆணியால் புதுத் துளை போட்டுத் தந்தது நினைவுக்கு வந்தது.

"மாப்ளே, அன்னிக்கு எத்தன ஸ்டெப்னிய எறக்கின?"

மைத்துனன் முகம் சுண்டிவிட்டது. "பதினெட்டு வருஷம் ஆச்சு மாமா. இன்னும் அத விடலையா?"

"திட்டலடா. சொல்லு."

"நாலு. அப்புறம் சங்கிலி, தண்ணி பீப்பா."

"நம்பர் மாறல இல்ல?"

"மாறாம இருக்கத்தானே எறக்கினேன்."

எடைக்காரர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கும் எறக்கிட்டாங்கடா" என்றார்.

மறுநாள் டயாலிசிஸுக்குப் போனதும் நர்ஸிடமும் டாக்டரிடமும் சொன்னார். "அறுபத்திரண்டுங்கிறது காய்ச்சலுக்கு முந்திப் போட்ட வெற்று எடைங்க. அப்ப எனக்குத் தொடை இருந்துச்சு, தோள் இருந்துச்சு. பத்தொன்பது நாள்ல சதையெல்லாம் எறங்கிப் போச்சு. ஆனா நம்பர் மட்டும் அப்படியே நிக்குது. சதை எறங்கின எடத்துல என்ன ஏறிச்சு?"

டாக்டர் அட்டையைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் சட்டென்று மேலே வரவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நுரையீரல்லயும் தண்ணி இருக்கும் போலத்தான் தெரியுது. நாங்களும் நம்பரையே பாத்துட்டு இருந்துட்டோம்" என்றார். "ஆனா சட்டுனு எடுக்க முடியாது. பிரஷர் விழுந்துடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"லோடு எறக்குறதுக்கு அவசரப்பட்டா வண்டி சாயும். தெரியும் சார்."

தடவைக்கு அரைக் கிலோ கூடுதலாக எடுத்தார்கள். லேசான வேலை இல்லை. மூன்றாம் தடவை கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு உயிர் போயிற்று. நர்ஸ் அவருடைய பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நாலாம் தடவை கண் இருட்டியது. அன்றைக்குப் பாதியில் நிறுத்தினார்கள். அறுபத்தொன்று. அறுபது. ஐம்பத்தொன்பது. ஒவ்வொரு தலையணையாகக் குறைந்தது.

ஐம்பத்தெட்டரையில் வந்து நின்றார். ஆக மூன்றரைக் கிலோ. ஒரு வாளியில் ஊற்றினால் கால்வாசி நிரம்பியிருக்கும். நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் நாக்கில் வைக்காத மனிதருக்குள் அத்தனை தண்ணீர், போன சதையின் அளவுக்குச் சதையாகவே வேஷம் போட்டுக்கொண்டு, எல்லார் கண்ணெதிரிலும் உட்கார்ந்திருந்தது. நர்ஸ் அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். தையற்காரரின் அட்டை இன்னும் அந்தக் கட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு முன்னால் இவருடைய அட்டையைச் செருகினாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்த எடைக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். துணி வெளுக்கும் கடையில் வேலை முடித்துப் பெண்டாட்டி வந்து பார்த்தபோது, தலைக்கு ஒன்றும் இல்லாமல், பலகை மாதிரி, மல்லாந்து நீட்டிக் கிடந்தார். இரண்டு மாதமாக அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இடது கையில் காதை வைத்தாள்.

வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"காலி வண்டி நிக்குது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. காதை எடுக்காமல், தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.